கல்லு இருக்கா, இல்லையா?

அவளை வீட்டிலும் பள்ளியிலும் எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. வேகமாகப் பேசினால் அதன் வழியாக 'உஸ்'ஸென்று விசில் வரும். மெதுவாகப் பேசும் பழக்கமோ அவளுக்குக் கிடையவே கிடையாது. அன்று சனிக்கிழமை வேறு. கேட்க வேண்டுமா?

"அப்பா, சீக்கிரம் வாங்க! கடைய சாத்திடப் போறாங்க!"

"அடியே, கடை இன்னும் தொறக்கவே இல்லடி," என்றார் அப்பா, செருப்பைத் தேடியபடி.

வீட்டுக்கு மாவு மில் வாங்கப் போகிறார்கள்! அம்மாவின் நீண்ட நாள் ஆசை அது. ஒருமுறை தோழி வீட்டில், அப்போதே அரைத்த கோதுமை மாவில் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு அதே நினைப்பு. "நம்ம ரொட்டியில வாசமே இல்ல. மாவு எந்தக் காலத்துல அரைச்சதோ!" என்று ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொள்வாள்.

அம்மா தையல்காரி. பள்ளி திறக்கும் சமயம் என்பதால் சீருடைத் துணி மேசைமேல் மலையாகக் கிடந்தது. அவளால் கடைக்கு வர முடியவில்லை. "மில்ல வாங்கிட்டு, அப்படியே கோதுமையும் வாங்கிட்டு வந்துடுங்க," என்று சொல்லி அனுப்பினாள்.

கடைக்காரர் காதில் பென்சில் செருகியிருந்தார். "ரெண்டு வகை இருக்கு சார். ஒண்ணு கல்லு வெச்சது. இன்னொண்ணு கல்லு இல்லாதது, உள்ள ஸ்டீல் பல்லு இருக்கும். எது வேணும்?"

அப்பா தலையைச் சொறிந்தார். உடனே அம்மாவுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, கல்லு இருக்கறதா, இல்லாததா? எது வாங்கறது?"

அந்தப் பக்கம் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "என்னங்க, சரியா கேக்கல! கல்லா? கல்லு இல்லாததா பாத்து வாங்குங்க!" என்று அம்மா கத்தினாள்.

"உங்கம்மா தெளிவா சொல்லிட்டா. கல்லு இல்லாதது," என்றார் அப்பா. விசில் அதற்குள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வழியில் கோதுமையை அவசர அவசரமாக வாங்கிக்கொண்டு இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

அம்மா தையலை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். மில்லைப் பார்ப்பதற்கு முன் கோதுமையைத் தட்டில் கொட்டினாள். பார்த்தவுடனே அவள் முகம் மாறியது.

"இந்தா ஒரு கல்லு. இந்தா இன்னொண்ணு. என்னங்க இது? கல்லு இல்லாததா பாத்து வாங்குங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

அப்பா மில்லைப் பார்த்தார். கோதுமையைப் பார்த்தார். மறுபடி மில்லைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து விசிலுக்குச் சட்டென்று விஷயம் விளங்கிவிட்டது.

"அம்மா! நீங்க சொன்னது மில்ல இல்லியா? கோதுமையவா?"

"பின்ன? மில்லுல கல்லு இருக்கணும்டி, அப்பதான் மாவு சூடாகாது! கோதுமையிலதான் இருக்கக் கூடாது!"

அம்மாதான் முதலில் சிரித்தாள். "நல்ல மனுஷன் போங்க! சரி, வாங்கினது வாங்கியாச்சு. போட்டுத்தான் பாப்போம்."

விசில் உட்கார்ந்து கோதுமையில் ஒரு கல் விடாமல் பொறுக்கினாள். அம்மா கோதுமையை மில்லில் கொட்டினாள். அப்பா சுவிட்சைத் தட்டினார்.

வீஈஈஈஈல்!

அப்பப்பா! அப்படி ஒரு அலறல். அலமாரியில் தட்டுகள் ஆடின. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அப்பா மட்டும் அசையவில்லை. அவர் பஸ் டிரைவர். நாளெல்லாம் ஹாரனோடு குடித்தனம் நடத்துகிறவர். "சத்தமா? எங்க?" என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

அந்த இரைச்சலிலும் யாரோ கதவு தட்டுவது விசிலின் காதில் விழுந்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

கீழ்வீட்டு நர்ஸ் அக்கா நின்றிருந்தாள். தலை கலைந்து, கண் சிவந்து கிடந்தது. இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டுப் பகலில்தான் அவள் தூங்குவாள். அவளுடைய படுக்கை இருப்பது இவர்கள் சமையலறைக்கு நேர் கீழே.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. ஏதோ உடைஞ்சு விழுதோன்னு பயந்துட்டேன்," என்றாள் அம்மாவிடம்.

"ஐயோ, மன்னிச்சுடும்மா. இனிமே இந்தச் சத்தமே கேக்காது. நீ போய்த் தூங்கு," என்றாள் அம்மா. கதவைச் சாத்திவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். "திருப்பிக் குடுத்துடுங்க. கல்லு வெச்சாலும் வெக்காட்டியும் மில்லுன்னா சத்தம் போடத்தான் செய்யும். அந்தப் பொண்ணு தூக்கத்தக் கெடுத்து நமக்கு என்ன ரொட்டி வேண்டியிருக்கு?"

சொல்லிவிட்டுத் தையல் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். ஆனால் தைக்கவில்லை. கொஞ்ச நேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசிலுக்குத் தாங்கவில்லை. அம்மா எத்தனை நாள் ஆசைப்பட்டாள்! அதே சமயம், அக்காவின் அந்தச் சிவந்த கண்ணும் பாவமாக இருந்தது.

யோசித்தாள். அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். அப்புறம் ஒரே துள்ளலாகத் துள்ளினாள்.

"அப்பா! நீங்களும் நானும் மில் வாங்கப் போனதே தப்பு! யாருக்குத் தொந்தரவோ அவங்களத்தான் கூட்டிட்டுப் போகணும்!"

சாயங்காலம் நர்ஸ் அக்கா எழுந்ததும், விசில் கீழே போய் விஷயத்தைச் சொன்னாள். அக்கா சிரித்துவிட்டாள். "எனக்கு மில்லப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியவே வேணாம்க்கா. நீங்க கண்ண மூடிட்டு உக்காந்தா போதும்!"

அப்பா மில்லைத் தூக்கிக்கொள்ள, அக்காவோடு கடைக்குப் போனார்கள். மில்லை அம்மா பளிச்சென்று துடைத்து வைத்திருந்ததால், மாற்றித் தருவதற்குக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். அக்காவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, விசில் கையோடு கொண்டுவந்த கோதுமையை எடுத்தாள்.

முதலில், கரண்டில் ஓடும் கல் மில். 'கொர்ர்ர்ர்' என்றது. அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். "காலையில கேட்டதுக்கு இது தங்கச்சி!"

அடுத்தது இன்னும் பெரியது. அக்கா இரண்டு கண்ணையும் திறந்தாள். "இது மாமியார்!"

அப்பா சோர்ந்துபோனார். விசில் மட்டும் கடையையே கண்ணால் துழாவிக்கொண்டிருந்தாள். மூலையில், மேல்தட்டில், கைப்பிடியோடு ஏதோ ஒன்று தூசி படிந்து இருந்தது.

"அண்ணே, அது என்ன?"

"அதுவா? அதுவும் கல்லு வெச்சதுதான். ஆனா கையால சுத்தணும். கை வலிக்கும்னு யாரும் வாங்கறதில்ல பாப்பா."

"இறக்குங்க, இறக்குங்க!"

அப்பா அதை இறக்கித் துடைத்து மேசையில் பிடித்துக்கொள்ள, விசில் கோதுமையைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினாள். கரகர... கரகர... மடியில் சுருண்டு படுத்த பூனை உறுமுவது போல மெல்லிய சத்தம். கீழே மாவு மெதுவாக உதிர்ந்தது.

"அக்கா, இது எப்படி?"

பதில் இல்லை.

"அக்கா?"

அக்காவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. லேசாகக் குறட்டை வந்துகொண்டிருந்தது.

விசில் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். கடைக்காரர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "இதவிட நல்ல விளம்பரம் எனக்குக் கெடைக்காது," என்று கிசுகிசுத்தார். அக்கா தானாக விழிக்கும் வரை மூன்று பேரும் நுனிக்காலில்தான் நடந்தார்கள்.

மறுநாள் காலையில் அம்மா சமையலறை மேசையில் மில்லைத் திருகி இறுக்கினாள். அடியில் பழைய துணியை நாலாக மடித்து வைத்தாள். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "பஸ்ஸே ஓட்டற கை இது. தள்ளுங்க!"

கொஞ்ச நேரத்தில் அவர் மூக்கு நுனியில் வியர்வை. "ஒரு வாய் தண்ணி..." என்று நழுவினார். அப்புறம் அம்மா சுற்றினாள், விசில் சுற்றினாள், மறுபடி அப்பாவைப் பிடித்து இழுத்து வந்தார்கள். முதல் தடவை மாவு ரவை போல வந்தது. அம்மா மில்லின் திருகாணியைக் கொஞ்சம் இறுக்கி, மறுபடியும் போட்டாள். இந்த முறை பூப்போல விழுந்தது. விசில் மூக்கை உள்ளே விட்டு மோந்தாள். வெளியே எடுத்தபோது மூக்கு வெள்ளையாகிவிட்டது.

ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவு உப்பும் வரை விசிலால் சும்மா இருக்க முடியவில்லை. துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "பாத்துட்டே இருந்தா அதுக்கு வெக்கமா இருக்கும், போடி," என்று அம்மா விரட்டினாள். கடைசியில் அடுப்புப் பெட்டிக்குள் ரொட்டி பழுப்பாக எழும்பத் தொடங்கியது. வீடு முழுக்க வாசம்!

அப்போது கதவு தட்டும் சத்தம். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நர்ஸ் அக்கா நின்றிருந்தாள். தலை கலைந்திருந்தது.

"ஐயோ, சத்தம் கேட்டுடுச்சாம்மா?"

"சத்தமா? ஒண்ணும் கேக்கல. வாசனைதான் தூங்க விடல!"

எல்லாரும் ஒரே சிரிப்பு. அக்காவை உட்காரவைத்து, அம்மா முதல் துண்டை அவளுக்கே கொடுத்தாள். ஆவி பறந்தது. அக்கா ஊதி ஊதிக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அம்மா தன் துண்டை வாயில் போடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பயம். மெதுவாகக் கேட்டார்: "கல்லு இருக்கா, இல்லையா?"

"மில்லுல இருக்கு! ரொட்டியில இல்ல!" என்றாள் விசில், வாய் நிறைய ரொட்டியோடு. விசில் சத்தம் மட்டும் வரவில்லை. பல்லிடுக்கில் ரொட்டி அடைத்துக்கொண்டிருந்தது.