படிக்காதவை மூன்று

"அண்ணே, எந்திரிச்சிராதீங்க. ஒரு வம்பு ஏறி வருது," என்றான் கார்த்திகேஷ்.

திருமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்தது அவனுடைய பிரவுசிங் சென்டர். 2003ஆம் ஆண்டு, ஆவணி மாதம். கண்ணுச்சாமி மதுரை ரயில் நிலையத்தில் தபால் பிரிக்கிறவர். முகவரி தப்பிய கடிதங்களைத் தேடிப் பிடிப்பதில் பெயர் வாங்கியவர். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

முன்னால் வந்தவன் விருமாண்டி, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். தோள் காய்த்துக் கறுத்திருந்தது. பின்னால் அவன் அண்ணன் மனைவி முனீஸ்வரி. வளைகுடாவில் வேலை பார்த்த அவள் கணவன் சிவக்குமாரைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கி, எரித்துப் பதினாலு நாள் ஆகிறது. நெஞ்சுவலி.

"கூட இருந்தவன் ஊருக்கு வந்து சொல்லிட்டாண்ணே," என்றான் விருமாண்டி. "சாகுறதுக்கு முந்தி அண்ணன் மூணு மெயில் போட்டிருக்கு. நெஞ்சு வலிக்குது, வந்துரவான்னு. இது ஒத்த பதில் போடலை. படிச்சிட்டு அமுக்கிருச்சு. நாளன்னைக்குக் கருமாதி. இது அதுல உக்காரக் கூடாதுன்னு ஆத்தா சொல்லிருச்சு."

"எனக்கு இங்கிலீசு எழுத்தே தெரியாது," என்றாள் முனீஸ்வரி. "வாரா வாரம் வருவேன். இந்தத் தம்பிதான் தொறந்து பாக்கும். வரலைன்னு சொல்லும்."

"சத்தியமா வரலைண்ணே!" என்றான் கார்த்திகேஷ்.

"ரெண்டு பேரும் பேசி வச்சுச் சொல்றீகளா?" என்று கத்தினான் விருமாண்டி.

"கத்தாத. தொற மாப்ள, பாப்போம்," என்றார் கண்ணுச்சாமி.

திரை நிறைய விளம்பரம். லாட்டரி, செல்போன், வீட்டுக்கடன். பட்டியலின் தலையில் எழுதியிருந்தது: மொத்தம் 142, படிக்காதவை 3.

"அது என்ன மூணு?"

"ரெண்டு மாசமா அப்பிடித்தாண்ணே நிக்குது. விளம்பரம் எதுவாச்சும் இருக்கும். மேல வர்றதைத் தொறந்து மூடிருவேன். அழிக்க எங்க நேரம்?"

கண்ணுச்சாமி முதல் பக்கத்தை வரிவரியாகப் பார்த்தார். எல்லாம் மெல்லிய எழுத்து, திறந்து பார்த்தவை. பிறகு விருமாண்டியிடம் திரும்பினார்.

"அண்ணன் சாமான் ஏதாச்சும் வந்துச்சா?"

விருமாண்டி இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தான். பாஸ்போர்ட், அதற்குள் மடித்த இரண்டு வாரத்து வேலைநேரச் சீட்டு. ஒன்றில் ஐம்பத்து நாலு மணி நேரம், மற்றதில் அறுபத்தொன்று. கண்ணுச்சாமி இரண்டையும் அருகருகே வைத்தார்.

"மெயிலு எங்கேருந்து போட்டாரு?"

"மொதல்ல டவுனு சென்டர்ல. சித்திரைக்கு மேல பாலைவனத்துக்கு மாத்திட்டானுக. அங்க போனும் கெடையாது. கேம்ப் ஆபீஸ்ல ஒத்தக் கம்ப்யூட்டரு. அண்ணன் சொல்லச் சொல்லக் கிளார்க்கு அடிப்பாராம்."

"இந்தச் சீட்டும் அந்தக் கம்ப்யூட்டர்ல அடிச்சதுதான். தேதியைப் படி."

"ஒண்ணு ஒண்ணு தொண்ணூத்தெட்டு. இதுலயும் அதே தேதி." விருமாண்டி நெற்றியைச் சுருக்கினான். "அண்ணன் போனதே போன வருசந்தானண்ணே?"

"ரெண்டு வாரத்துச் சீட்டு, தேதி ஒண்ணு. அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற கடிகாரத்தோட பேட்டரி செத்துப்போச்சு. எப்பப் போட்டாலும் தொண்ணூத்தெட்டுலதான் எந்திரிக்கும். அதுல அடிக்கிற மெயில்லயும் அந்தத் தேதிதான் விழும். மாப்ள, நீ எந்தப் பக்கம் பாப்ப?"

"மொதப் பக்கம். புதுசு மேலதான வரும்?"

"புதுசா பழசான்னு தேதியை வச்சுத்தான அடுக்குது? கடைசிப் பக்கத்துக்குப் போ."

ஆறாம் பக்கம். அடியில் மூன்று வரிகள், தடித்த எழுத்தில். மூன்றிலும் ஒரே தேதி.

"இந்த மெயில் ஐடி தொடங்கினது போன வருசம். வீடு கட்டுறதுக்கு முந்தியே வந்து கெடக்குற தபால் இது," என்றார் கண்ணுச்சாமி. "விருமாண்டி, நல்லாப் பாரு. தொறந்திருந்தா எழுத்து மெலிஞ்சிருக்கும். மறைக்கிறவளா இருந்தா அழிச்சிருப்பா. இதை ஒருத்தரும் படிக்கலை."

கார்த்திகேஷ் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அந்த மூணு எதுன்னு தேடியிருந்தா..."

கண்ணுச்சாமி தேற்றவில்லை. "குப்பையை அப்பப்ப அழிச்சிருந்தா எல்லாம் ஒத்தப் பக்கத்துல நின்னிருக்கும். அவரு மெயிலுக்குன்னு ஒரு போல்டர் பிரிச்சிருந்தாலும் கண்ணுல பட்டிருக்கும்," என்று மட்டும் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, இங்கிலீசு எழுத்தில் அடித்திருந்த தமிழை உரக்கப் படித்தார்.

முதல் மடலில் வலி. படியேறினால் மூச்சு வாங்குகிறது, இடது கை மரத்துப்போகிறது.

இரண்டாவது: "வீட்டுலேருந்து ஒரு மெயில் வந்தா லீவு தாரேன்னு மேனேஜர் சொல்றாரு. வாங்கன்னு ஒத்த வார்த்தை போடு முனீசு. அது போதும்."

மூன்றாவது: "பதிலக் காணோம். கெளம்புற அன்னிக்கு நான் ஏசுனது இன்னும் உன் மனசுல இருக்கு போல. சரி, இருந்து முடிச்சிட்டே வாரேன்."

விருமாண்டி கார்த்திகேஷை அடிக்கக் கை ஓங்கினான். ஓங்கிய கையால் தன் முகத்தை மூடிக்கொண்டான்.

"மதினி," என்றான். "ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நாளன்னைக்கு நீங்கதான் உக்காரணும்."

முனீஸ்வரி தனக்குப் படிக்கத் தெரியாத அந்தத் தடித்த எழுத்துகள் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவை மெலிந்துவிட்டிருந்தன.

"நான் படிக்கலைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு தம்பி," என்றாள். "அவரு, நான் படிச்சேன்னுல்ல நெனச்சுக்கிட்டே போயிட்டாரு."