ஊதாத வளைவு

எளாவூர் ஸ்டேஷனை விட்டு வண்டி இரண்டு பர்லாங்கு கூடப் போயிருக்காது, டிரைவர் முகம்மது இஸ்மாயிலின் காதில் அந்த ஐந்தாவது சத்தம் விழுந்தது. நீராவி எஞ்சினின் பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றினால் புகைபோக்கி நான்கு முறை மூச்சு விடும். இருபத்தாறு வருடமாக அந்த நான்கைக் கேட்டே வண்டி ஓட்டியவர் அவர். இப்போது நான்காவது மூச்சு முடிந்து அடுத்த சுற்று தொடங்குவதற்குள், மெதுவாக, ஈரமாக, இன்னொன்று. உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டுவது போல.

அவர் ஃபயர்மேன் சம்பந்தத்தைப் பார்த்தார். சம்பந்தம் குனிந்து அடுப்புக்குள் கரியை வீசிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. வெளியே விடிந்தும் விடியாத வெளிச்சம். பழவேற்காட்டு ஏரியிலிருந்து எழுந்த பனி தண்டவாளக் கரை மேல் ஏறி, புதிதாக நட்டிருந்த மின்கம்பங்களின் பாதியை விழுங்கியிருந்தது. சேறும் உப்பும் கலந்த வாடை, சூடான எண்ணெய் வாடையையும் மீறி உள்ளே வந்தது.

அது 1979. தடத்தில் டீசல் எஞ்சின்கள் நிறைந்துவிட்டன. மெட்ராஸில் நீராவி எஞ்சின் பிரியர்கள் சிலர் சங்கம் வைத்து, மாதம் ஒரு ஞாயிறு, மூன்று பெட்டிகளோடு கும்மிடிப்பூண்டியிலிருந்து சூலூர்பேட்டை வரை சிறப்பு வண்டி விட அனுமதி வாங்கியிருந்தார்கள். ஊர் போய்ச் சேருவது அவர்களுக்கு முக்கியமில்லை. ஓட்டுகிற கைதான் முக்கியம். கிளம்பும்போது சக்கரம் வழுக்கினால் மார்க் குறையும். கரும்புகை வந்தால் குறையும். பெட்டியில் விளிம்பு வரை ஊற்றி வைத்த காபி சிந்தினாலும் குறையும். எஞ்சின் மூச்சைக் கேசட்டில் பதிந்து, வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த டிரைவரின் கை மெத்தென்று இருக்கிறது என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். கல்லூரியில் பௌதிகம் நடத்தும் மூர்த்திதான் அவர்களில் கறாரானவர். எஞ்சினிலேயே ஏறிக்கொண்டு, மைக்கை வெளியே நீட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

போன மாதம்தான் இஸ்மாயில் ஓட்டிய முதல் சிறப்பு வண்டி. எளாவூர் தாண்டிய வளைவில் எஞ்சின் மூச்சு மட்டும் சுத்தமாகப் பதிய வேண்டும், விசில் வேண்டாம் என்று மூர்த்தி கேட்டுக்கொண்டார். இஸ்மாயில் அந்த வளைவில் ஒருநாளும் ஊதாமல் போனதில்லை. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள் விடியற்காலையில் அந்தக் கரை மேல்தான் நடந்து போவார்கள். ஆனால் இத்தனை வருடத்தில் அதிகாரிகள் அவரிடம் கேட்டதெல்லாம் எத்தனை நிமிடம் தாமதம் என்பது ஒன்றுதான். அவர் கையை ஒரு பாடகன் குரலைக் கேட்பது போல யாரும் கேட்டதில்லை. விசில் கயிற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பனி. வளைவு. எதுவும் இடித்ததாகத் தெரியவில்லை.

சூலூர்பேட்டையில் எண்ணெய் விட இறங்கியபோது, எஞ்சினின் முன்கொக்கியில், இறால் போட்டு வைக்கும் ஓலைப் பறி ஒன்று தொங்கியது. உள்ளே மூன்று இறால்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. இறால் பிடிப்பவர்கள் இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவதால் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். அதன் விளிம்பில் பல் பதிந்த இடம் ஈரமாக இருந்தது. யாரும் பார்க்குமுன் அதை ஓடையில் வீசிவிட்டு வந்தார். மேலே மூர்த்தி கை நீட்டிக் காத்திருந்தார். இவ்வளவு சுத்தமான ஓட்டத்தைத் தான் கேட்டதே இல்லை என்றார்.

நான்கு நாள் கழித்து ஒருவன் பழவேற்காட்டில் அவர் வீடு தேடி வந்தான். பெயர் பெருமாள். பெண்சாதி எல்லம்மாவைக் காணோம் என்றான். ஞாயிற்றுக்கிழமை இறாலுக்குப் போனவள்.

"பாய், அன்னிக்கு அந்த வளைவுல நீங்கதான் வண்டி ஓட்டினீங்களாமே. விசில் ஊதினீங்களா?"

"ஊதினேன்" என்றார் இஸ்மாயில்.

பெருமாள் தலையாட்டினான். "ஊதியிருந்தா அவ எறங்கி நின்னிருப்பா. அப்ப தண்ணிலதான் எங்கியோ பூட்டா. தேடறேன், பாய்."

அன்றிலிருந்து அவன் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை, சேற்றைக் கையால் தடவிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். இஸ்மாயில் இரண்டு தடவை அவன் குடிசை வரைக்கும் போனார். இரண்டு தடவையும் திரும்பிவிட்டார்.

இன்று காலை வண்டி கிளம்புமுன் மூர்த்தி அவரைத் தனியாக அழைத்தார். "போன மாச கேசட்டுல அந்த வளைவுலருந்து அஞ்சாவதா ஒரு சத்தம் விழுது, மிஸ்டர் இஸ்மாயில். கடைசி வரைக்கும் நிக்கல. அன்னிக்கு நேர்ல எனக்குக் கேக்கவே இல்ல. வால்வு எங்கேயோ ஒழுகுது போல. பாத்தீங்களா?"

வால்வு ஒழுகவில்லை. ஒரு மாதமாகத் தூக்கத்தில் தனக்கு மட்டும் கேட்பதாக அவர் நினைத்திருந்த சத்தம் அது.

இப்போது அது அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. எஞ்சினை ஒட்டி, கரியும் தண்ணீரும் ஏற்றிய டெண்டர் வண்டியிலிருந்து. அதன் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து. நான்கு மூச்சு, ஒரு தட்டல். நான்கு மூச்சு, ஒரு தட்டல். பிறகு தட்டல் நின்று, இரும்பின் உட்புறத்தை யாரோ மெதுவாகத் தடவுகிற சத்தம்.

"பாய், தண்ணி ஏறல" என்றான் சம்பந்தம். பாய்லருக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டது. வடிகட்டியில் குப்பை சிக்கியிருக்கும் என்று கரி மேல் ஏறிப்போய், தொட்டி மூடியைத் திறந்து தோள் வரை கையை விட்டான். ஒரு நிமிடம் துழாவினான். பிறகு அசையாமல் படுத்திருந்தான். கையை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தபோது அவன் முகம் சாம்பலாக இருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சேற்று விரல்களின் தடம்.

"இன்னாடா?"

சம்பந்தம் எஞ்சினின் மூலையில் போய், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

முன்னால் வளைவு வந்தது. மார்க் போனால் போகட்டும். இஸ்மாயில் விசில் கயிற்றைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தார். மேலே வெள்ளை ஆவி பீறிட்டது. சத்தம் வரவில்லை. மறுபடி இழுத்தார். ஆவி. சத்தமில்லை. பக்கத்தில் ஹெட்போனோடு நின்ற மூர்த்தி கண் திறக்கவே இல்லை.

பனிக்குள் தண்டவாளத்தின் நடுவே ஒரு ஆள். ஈர வேட்டி. முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தான்.

பிரேக் போட்டார். அரை மைல் போலத் தோன்றிய தூரம் இரும்பு அலறியது. வண்டி நின்றது. ஆளுக்கும் எஞ்சினுக்கும் நடுவே பத்தடி.

சக்கரம் நின்றுவிட்டது. தடவுகிற சத்தம் நிற்கவில்லை.

பெருமாள் திரும்பி, எஞ்சினின் பக்கவாட்டில் நடந்து வந்து கீழே நின்றான். இஸ்மாயில் ஜன்னலுக்கு வெளியே குனிந்தார். ஒரு மாதம் தொண்டையில் கிடந்தது தானாக வெளியே வந்தது.

"பெருமாளு. நான் அன்னிக்கு ஊதல."

அவன் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, டெண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மாதத்துச் சேறு காய்ந்த அந்த முகம் மெல்ல மலர்ந்தது.

பின்னால் கரி சரிந்தது. ஒரு துண்டு. இன்னொன்று. யாரோ இறங்கினார்கள். சேற்று வாடை. மூலையில் சம்பந்தம் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். மூர்த்தியின் கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அசையாதீங்க, பாய்" என்றான் பெருமாள், தாழ்ந்த குரலில். "தடவிக்கினு இருக்கா."

குளிர்ந்த விரல்கள் அவர் கணுக்காலைத் தொட்டன. நிதானமாக. சேற்றில் தேடுவது போல. முழங்கால். இடுப்பு. விலா. இரண்டு கைகள், ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தன. கழுத்தைக் கண்டுபிடித்தன. தாடையைக் கண்டுபிடித்தன. திறந்திருந்த வாயைக் கண்டுபிடித்து, ஈரமான விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன.