பொருள் இல்லை என்று எழுதினேன்

அந்த மறுவாழ்வு மையத்தின் ஆறாம் அறைக்கு நான் டேப்லெட்டும் கையுமாகப் போன திங்கட்கிழமை, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பழைய கட்டடம். உயரமான கூரை, ஒரே ஒரு ஜன்னல், எந்நேரமும் பினாயில் வாசனை. பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நூறு முறை நுழைந்த அறைதான்.

கட்டிலில் லிப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து நாலு மாதம். புத்தி கத்தி மாதிரி இருந்தது. நாக்குதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவர் குழறுவது புரிந்தது ஒரே ஒருத்திக்கு. அவருடைய தங்கை. ஐம்பது வயதிலும் அவருக்கு அவள் 'பாப்பா'. அவளுடைய விடுப்பு சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் டேப்லெட்டில் இருந்த செயலி அவர் பேச்சைப் பழகிக்கொண்டால், அது அவருக்குப் பதிலாக எழுதிக் காட்டும். அவர் தன் வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் ஏதாவது ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான்.

முந்நூறு வாக்கியங்களை அவர் படிக்கவேண்டும். கேட்கக் கேட்க அது பழகிவிடும் என்றார்கள்.

பழகவில்லை.

"தண்ணி வேணும்" என்றார். 'தம்பி வேணாம்' என்று எழுதியது. "கால் வலிக்குது" என்றார். 'பால் புளிக்குது' என்றது. முதல் நாள் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புதன்கிழமை யாரும் சிரிக்கவில்லை. ஒரே வாக்கியத்தை நாற்பது தடவை சொல்லி, அவர் கழுத்து நரம்பு புடைத்து, சட்டை நனைந்து போயிருந்தது. நாற்பது தடவையும் பால்தான் புளித்தது.

"இதுகிட்ட பேசறதுக்குப் போய்ச் சுவத்துல முட்டிக்கலாம் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தங்கை தண்ணீர் பிடிக்கப் போனாள்.

மெக்கானிக் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். மணி மூன்று. நானும் பேசவில்லை. சத்தம் வந்தால் மட்டும் துடிக்கும் பச்சைக் கோடு ஒன்று திரையில் உண்டு.

அது துடித்தது.

'ரத்தம் இறங்குது.'

கோளாறு என்று நினைத்து அழித்தேன்.

'தொண்டைக்குள்ள ரத்தம் இறங்குது மேடம்.'

மெக்கானிக்கைப் பார்த்தேன். அவரும் திரையைப் பார்த்துவிட்டார். 'நானில்லை' என்று மெல்லத் தலையாட்டினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ எதையோ விழுங்குகிற சத்தம். ஈரமாக, மெதுவாக, கஷ்டப்பட்டு.

என் தோளுக்குப் பக்கத்தில்.

பினாயில் வாசனையை மீறிக்கொண்டு துருப்பிடித்த இரும்பின் வாடை அடித்தது.

மறுநாளும் அதே மூன்று மணி. விழுங்கும் சத்தம், வாடை, அதே வரிகள். இந்த முறை தங்கையும் இருந்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. மெக்கானிக்குக்கோ பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. கட்டில் கம்பியை ஓங்கி அடித்துக் குழறினார்.

"என்ன சொல்றார்?" என்றேன்.

தங்கை கிசுகிசுத்தாள். "'உசுரோட இருக்கறவன் நாலு நாளா கத்தறேன், ஒண்ணும் புரியல. அங்க ஆளே இல்ல, அதுக்கு மட்டும் ஒரு எழுத்து பிசகாம வருது'ங்கறார்."

அங்கே பேசுவது யார் என்று எனக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் அதே கட்டிலில் ஒரு தையல்கார அம்மா இருந்தார். புற்றுநோய் என்று பாதி நாக்கை வெட்டி எடுத்திருந்தார்கள். ஒருநாள் மூன்று மணிக்கு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ திரும்பத் திரும்பச் சொன்னார். வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். "சரிம்மா, சரிம்மா" என்று கையைத் தட்டிக்கொடுத்து விடுவித்துக்கொண்டேன். கேஸ் ஷீட்டில், 'தெளிவற்ற ஒலிகள். பொருள் இல்லை' என்று எழுதினேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மெக்கானிக்கையும் தங்கையையும் தோட்டத்தில் உட்காரவைத்துவிட்டு, அந்தப் பழைய கேஸ் ஷீட்டோடு அறைக்குள் தனியாகப் போனேன். கதவைச் சாத்தினேன்.

"சொல்லுங்கம்மா. எழுதிக்கறேன்."

மூன்று மணி.

விழுங்கும் சத்தம். வரி. மறுபடி விழுங்கும் சத்தம். மறுபடி வரி. நாற்பது நிமிடம். ரத்தம் எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம், நர்ஸிடம் எத்தனை தடவை சொன்னார் எல்லாம் வந்தது. துண்டில் பட்ட கறையை எனக்குக் காட்டினாராம். நான் அந்தத் துண்டை மடித்து ஓரமாக வைத்தேனாம்.

வைத்தேன். எனக்கே ஞாபகம் வந்தது.

அத்தனையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரையில் கடைசியாக ஒரு வரி வந்தது.

'புரிஞ்சுதா?'

"புரிஞ்சுதும்மா."

பச்சைக் கோடு படுத்துவிட்டது. வாடை மெல்ல வடிந்தது.

தலைமை மருத்துவர் தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "செத்தவங்க சொன்னாங்கன்னு எழுதிக் குடுக்கறீங்களா?"

"அவங்க சொன்னதை நான் கேக்கலைன்னு எழுதிக் குடுக்கறேன் சார்."

தாள் மேசை இழுப்பறைக்குள் போனது. அது வெளியே வராது என்று தெரியும். இன்னொரு பிரதியைத் தையல்கார அம்மாவின் கணவர் கையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை. மெக்கானிக் நம்பிக்கையே இல்லாமல், திரையைப் பார்க்காமல் குழறினார்.

'தண்ணி வேணும்' என்று எழுதியது.

தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மெக்கானிக் அந்த இரண்டு சொற்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஐந்து நாள் பாடுபடுத்திய அந்தச் செயலியைக் கெட்ட வார்த்தையில் ஒரு திட்டு திட்டினார். அதையும் பிசகாமல் எழுதியது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எல்லாவற்றையும் அவருடைய போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். மதியம் கிளம்பிவிட்டார்கள்.

வெறும் கட்டில். தரையெல்லாம் வெயில். மையத்தின் டேப்லெட்டை அணைக்கப் போனேன்.

கோடு துடித்தது.

இந்த முறை விழுங்கும் சத்தம் இல்லை. வறண்ட இருமல் ஒன்று கேட்டது. ஆண் இருமல்.

'அந்தம்மா முடிச்சுட்டாங்களா மேடம்? அடுத்து நான் பேசலாமா?'

அணைக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். கதவுப் பக்கம் வளையல் குலுங்கியது. அந்த வரியின் கீழே இன்னொரு வரி அவசர அவசரமாக ஓடி வந்தது.

'இல்ல மேடம். அவருக்கு முன்னாடியே நான் வந்துட்டேன்.'