பின்பாட்டுப் பாய்

வண்டியூர்த் தெப்பக்குளத்தின் வடகரைத் தெருவில் இருக்கும் அந்தச் சபா மண்டபத்துக்கு மாலை நான்கு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். வயலின் வாசிப்பவர் முன்னதாக வந்து, மேடையின் காற்றுக்குத் தந்திகளைப் பழக்க வேண்டும். இந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. குளத்தில் தண்ணீர் நிரம்பியிருந்தது. கரையில் பலூன்காரர்களும் சோளக்கதிர் வண்டிக்காரர்களும் கூடத் தொடங்கியிருந்தார்கள். மண்டபத்துக்குள் காலை வைத்ததும் அந்தச் சத்தமெல்லாம் கதவைச் சாத்தியதுபோல் நின்றது. கதவோ என் முதுகுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது.

உள்ளே மரிக்கொழுந்து மணத்தது. மேடையில் பூ எதுவும் இன்னும் வைக்கப்படவில்லை.

அன்று பாட வேண்டியவள் நாகஜோதி. ஒத்தக்கடையில் ஒரு கல்லூரியில் இசை கற்பிக்கிறவள். கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும், பந்திக்கு எழுந்து போகும் கூட்டத்தின் முதுகைப் பார்த்துப் பாடியே நாற்பது வயதை நெருங்கிவிட்டவள். அன்றைக்குத்தான் முதல்முறையாக, சென்னை டிசம்பர் சீசனுக்குப் பாடகர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கப் போகிறார். அவருக்குப் பிடித்தால் மேடை. பிடிக்காவிட்டால் மறுபடியும் பந்தி. அவளுக்கோ இரண்டு வாரமாகத் தொண்டை கட்டியிருந்தது.

"ஷிபா வந்துருவால்ல?" என்று கேட்டேன்.

"வந்துக்கிட்டே இருக்கா டீச்சர். மேலூர் ரோட்டுல பஸ் நகரவே இல்லையாம்." குரல் கரகரத்தது. "அவ இல்லாட்டி மேல் ஸ்தாயிக்கு நான் எங்கிட்டுப் போவேன்?"

ஷிபா அவளுக்குப் பின்பாட்டுப் பாடுகிறவள். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் இழை அறுந்துவிடாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வதுதான் பின்பாட்டு. தேர்ந்த பின்பாட்டுக் குரலை அவையில் யாரும் தனியாகக் கேட்க மாட்டார்கள்.

"கவலப்படாத தாயி," என்றார் மிருதங்கம் பால்பாண்டி. "ஒனக்குத் தொண்ட மக்கர் பண்ணுச்சுன்னா, மிருதங்கத்துல தனி ஆவர்த்தனத்த நான் விடியுற வரைக்கும் இழுத்துர்றேன்."

"ஒங்களுக்கு அம்புட்டு ஆசை. அந்த மெட்ராஸ்காரர் எனக்குப் பதிலா ஒங்களக் கூட்டிட்டுப் போகணும். அப்படித்தானண்ணே?"

சிரித்தார்கள். நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாடகர் அமரும் இடத்துக்குப் பின்னால், ஜமுக்காளத்தின் மேல், ஒரு பழைய கோரைப்பாய் விரித்திருந்தது. அதைச் சுருட்டி வைக்கும்படி சபாவின் செயலாளர் அழகுராஜாவிடம் சொன்னேன்.

"அது கனகலட்சுமி அக்கா பாய், டீச்சர். இந்த மேடையில யாரு பாடுனாலும் அவுகதான் பின்பாட்டு. எனக்குன்னு ஒரு கச்சேரி குடுங்கன்னு சாகுற வரைக்கும் அப்பச் செயலாளரா இருந்த எங்க அப்பாகிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தாக. அவரு குடுக்கல." குரலைத் தாழ்த்தினார். "பாய எடுத்தா மைக்கு ஊளையிடுது. கெடந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டோம்."

ஷிபா வந்து சேரவில்லை. நிகழ்ச்சியைத் தள்ளிவைக்க முடியாது. முன்வரிசைக்காரர் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

தொடங்குமுன் பாடகர் பின்னால் திரும்பித் தலையசைப்பது எங்கள் வழக்கம். நான் விடும் இடத்தில் நீ எடுத்துக்கொள் என்று அதற்குப் பொருள். நாகஜோதி சுருதிப்பெட்டியின் ஒலியில் ஆழ்ந்திருந்தாள். பதினைந்து ஆண்டுப் பழக்கம். கண்ணைத் திறக்காமலே திரும்பி, வெற்றுப் பாயை நோக்கித் தலையசைத்துவிட்டாள்.

பாயின் ஓரங்கள் மெல்ல மேலெழுந்தன. நடுவில் யாரோ உட்கார்ந்ததுபோல.

மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அதை எண்ணிய பிறகுதான், ஒலிவாங்கிக்காக மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

முதல் பாடலில் அவள் மூச்சு வாங்கிய இடங்களில் இழை அறுபடவில்லை. மெல்லிய, முதிர்ந்த, பிசிறற்ற குரல் ஒன்று அந்த இடைவெளிகளை நிரப்பியது. நாகஜோதி ஷிபா வந்துவிட்டதாகவே எண்ணியிருக்க வேண்டும். அவள் முகம் தெளிந்தது. பால்பாண்டி கண்மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வயலின்காரி பாடகியின் தொண்டையைப் பார்த்து வாசிப்பவள். அடுத்த சங்கதி எங்கே போகும் என்பதைச் செவிக்கு முன்னால் கண்ணுக்குச் சொல்லிவிடுவது தொண்டைதான். ஆகையால் அவையில் இருந்த அத்தனை பேரிலும் நான் ஒருத்திதான் அதைக் கண்டேன்.

கல்யாணி ஆலாபனையில் குரல் மேல் ஸ்தாயிக்கு ஏறியது. நாகஜோதியின் உதடுகள் திறந்திருந்தன.

தொண்டை அசையவில்லை.

குரல் அங்கேயே நின்று, அவள் வாழ்நாளில் எட்டியிராத இடத்தில் நிதானமாகச் சுழன்றது. அவை ஆரவாரித்தது. நாகஜோதி வாயை மூடிக்கொண்டாள். குரல் நிற்கவில்லை.

மெல்ல என் பக்கம் திரும்பினாள். கண்களில் நீர் கோத்திருந்தது. நிறுத்தச் சொல்லிக் கேட்கிறாள் என்று புரிந்தது. வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டேன். பக்கவாத்தியம் நின்றால் கச்சேரி குலைந்துவிடும் அல்லவா?

குலையவில்லை. நான் நிறுத்தியதை எவரும் கவனிக்கவேயில்லை.

கச்சேரியை மங்களம் பாடித்தான் முடிக்க வேண்டும். பாடாவிட்டால் அது முடிந்ததாகக் கணக்கில்லை. கடைசியில் நானே மங்களத்தைத் தந்தியில் எடுத்துக் கொடுத்தேன்.

குரல் நின்றுவிட்டது.

நாகஜோதி வாயைத் திறந்தாள். கழுத்து நரம்புகள் புடைத்தன. காற்றுக்கூட வெளிவரவில்லை.

அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. முன்வரிசைக்காரர் மேடைக்கே ஏறி வந்து, டிசம்பரில் மாலை நேரக் கச்சேரி தருவதாகச் சொன்னார். அவள் பேசாமல் கைகூப்பினாள். "எம்புட்டு அடக்கம் பாருங்க!" என்று அழகுராஜா பூரித்தார்.

கூட்டம் கலைந்த பின் ஷிபாவின் அழைப்பு வந்தது. ஒத்தக்கடைப் பாலத்தையே இன்னும் தாண்டவில்லையாம். "அக்காகிட்டக் குடுங்க டீச்சர், மன்னிப்புக் கேக்கணும்," என்றாள்.

நான் போனை நாகஜோதியின் காதில் வைத்தேன். அவள் கேட்டுக்கொண்டே அழுதாள். அன்றிலிருந்து அவள் பேசவில்லை.

மருத்துவர் தொண்டையில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, தொண்டைக்கட்டுகூட ஆறிவிட்டது, குறை ஒன்றும் இல்லை என்றார். நான் அவளை மீண்டும் மண்டபத்துக்கு அழைத்துச் சென்றேன். நல்ல வெயில் நேரம். பால்பாண்டியும் வந்தார். தலையசைத்து அழைத்த கனகலட்சுமியை மங்களம் பாடித்தான் அனுப்ப வேண்டும் என்று எனக்குப் பட்டது. அதையும் அழைத்தவளே பாட வேண்டும். நான் வயலினில் வாசித்தேன். பால்பாண்டி தமக்குத் தெரிந்த அளவில் பாடினார். நாகஜோதி பாயின் முன் மண்டியிட்டு, குரலில்லாத வாயை அசைத்து அசைத்துப் பார்த்தாள்.

பாயின் ஓரங்கள் தரையோடு படிந்தே கிடந்தன.

"போயிருச்சா டீச்சர்?" என்று பால்பாண்டி கிசுகிசுத்தார்.

மரிக்கொழுந்து மணம் பாயிலிருந்து வரவில்லை. நாகஜோதியின் கூந்தலிலிருந்து வந்தது. அவள் பூ வைத்திருக்கவில்லை.

"கச்சேரிய ஒத்துக்க வேணாம், தாயி," என்று கெஞ்சினேன். அவள் போனில் எழுதிக் காட்டினாள்: *மேடையிலயாவது வாய் திறந்தா என் குரல் வந்துருமோன்னு இருக்கு டீச்சர்.* சென்னைக்குப் போனோம். பிறகு கோவைக்கு, திருச்சிக்கு. ஒவ்வோர் ஊரிலும் குரல் வந்தது. ஒவ்வோர் ஊரிலும் மங்களத்துக்கு முன் நின்றது. மங்களம் பாடாமல் எழுவது அவளுடைய பாணி என்று ஒரு பத்திரிகை பாராட்டியது.

அவள் மேடையில் அமரும் இடம் மாறிக்கொண்டே வந்ததை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரு சாண் பின்னால். ஒலிவாங்கி மட்டும் முன்னாலேயே இருந்தது.

சென்ற வாரம் அவனியாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி. நாகஜோதி எனக்கும் பின்னால், பின்பாட்டு இடத்தில் அமர்ந்திருந்தாள். நடு இடம் வெறுமையாக இருந்தது. குரல் அங்கிருந்துதான் வந்தது. அவையில் அத்தனை கண்களும் அந்த வெற்றிடத்தையே பார்த்து உருகிக்கொண்டிருந்தன. பால்பாண்டியும் அதைப் பார்த்தே புன்னகைத்தார்.

அப்போது குரல் மூச்சு வாங்கியது.

அந்த நொடியில், எனக்குப் பின்னாலிருந்து, கரகரத்த குரல் ஒன்று எழுந்து இழையைப் பிடித்துக்கொண்டது. நாகஜோதியின் குரல்! நான் திரும்பினேன். அவள் அழுதுகொண்டே பாடினாள். முன்குரல் மீண்டும் தொடங்கியதும் அவள் தொண்டை அடைத்துப்போயிற்று. அடுத்த மூச்சுக்காக வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

இப்போது அவளுக்கு இருப்பது அந்த இடைவெளிகள்தாம். அவற்றுக்காகவே அவள் எந்தக் கச்சேரியையும் மறுப்பதில்லை. நானும் உடன் போகிறேன்.

ஆனால் நான் தாளம் தவறாதவள். அன்று பல்லவி முழுவதும் கவனித்தேன்.

முன்னால் பாடுகிறவர் மூச்சு வாங்குவது குறைந்துகொண்டே வருகிறது.