செல்லாயி தொட்ட இடம்

பூபதியின் வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சேந்தமங்கலத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் மண் தடத்தில் ஐப்பசி மழையின் ஈரம் காயாமல் கிடந்தது. மத்தியானம் மூன்று மணி. இருபுறமும் ஆளுயர மக்காச்சோளம், நடுவில் ஓட்டு வீடு, பட்டியில் நான்கு ஆடுகள். வண்டிச் சத்தத்துக்கு அவை தலை தூக்கிப் பார்த்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

முட்டை லோடு வண்டி ஓட்டும் பூபதி வாசலில் நின்றிருந்தார். அவருடைய புது மனைவி ஜெயப்பிரியாவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல்.

“போன தடவையாட்டம் மூணு மாத்திரையக் குடுத்துட்டுப் போயிராதீங்க நர்சம்மா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு உரியதுதான்.

போன வருஷம் இதே மாதம், இதே கட்டிலில் அவருடைய முதல் மனைவி செல்லாயி படுத்திருந்தாள். உடம்பில் எங்காவது கருப்பாகப் புண் இருக்கிறதா என்று கேட்டேன். பக்கத்தில் பூபதி. செல்லாயி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இல்லை என்று தலையசைத்தாள். அவரை வெளியே அனுப்பிவிட்டுச் சேலையை விலக்கிப் பார்த்திருக்க வேண்டும். அன்று எனக்கு இன்னும் பதினோரு வீடு பாக்கி இருந்தது. புண் இல்லை என்று நோட்டில் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் இறந்துபோனாள். அரப்பு இலைப்பொடி தேய்த்து அவள் உடலைக் குளிப்பாட்டிய பெண்கள்தான் அதைப் பார்த்தார்கள். இடது மார்புக்கு அடியில், பீடி நெருப்பை வைத்து அணைத்ததுபோல ஒரு கருப்பு வடு. உண்ணிக் காய்ச்சல். ஆட்டுக்குப் புல் அறுக்கிற வரப்பில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்திருக்கிறது. கடித்த இடம் வலிக்காது. பார்த்திருந்தால் ஒரு வாரத்து மாத்திரையில் பிழைத்திருப்பாள்.

இப்போது அதே வரப்பில் ஜெயப்பிரியா புல் அறுக்கிறாள்.

பூபதியை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். அறை இருண்டது. அப்போதுதான் அந்த வாசம் வந்தது. ஈர அரப்பு. பின்பக்கம் குளிக்கிற பொடக்காளியில் யாரோ சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

யார் குளிக்கிறார்கள் என்று கேட்டேன். வீட்டில் தாங்கள் இரண்டு பேர்தான் என்றாள் ஜெயப்பிரியா.

டார்ச் வெளிச்சத்தில் அக்குள், மார்பு, இடுப்பு, தொடை என்று ஒன்று விடாமல் பார்த்தேன். எதுவும் இல்லை. எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை எனக்குத் தெரியும். போன வருஷமும் அது வந்தது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“அந்தக்கா காட்டுவாங்க,” என்று ஜெயப்பிரியா முணுமுணுத்தாள்.

“எந்தக்கா?”

“தெனமும் இந்நேரத்துக்கு எனக்குத் தண்ணி ஊத்தி உடறாங்க. அரப்புத் தேய்க்கையில ஒரே எடத்துல வெரலை வெச்சு அமுத்திக்கிட்டே நிக்கறாங்க.”

“எந்த எடத்துல சாமி?”

அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பவில்லை.

என் முதுகில் சில்லென்று ஏதோ பட்டது. தலையணையில் கிடந்த அவள் கூந்தல், யாரோ ஒதுக்கிவிட்டதுபோல மெல்ல விலகியது. வலது காதுக்குப் பின்னால், முடிக்குள், கருப்பு வடு. அதைச் சுற்றி ஈரம் உலராத பச்சை அரப்பில் ஒரு விரல் தடம்.

பூபதியின் வண்டியிலேயே அவளை நாமக்கல்லுக்குக் கொண்டுபோனோம். அன்று சாயங்காலமே மாத்திரை தொடங்கினார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். பூபதி என்னைக் கும்பிட்டார். அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

அந்த வீட்டிலிருந்து திரும்பிய அன்று ரவிக்கையைக் கழற்றியபோது, உள்பக்கம், நடுமுதுகில், காய்ந்த பச்சை நிறத்தில் ஒரு விரல் தடம் இருந்தது. துவைத்தேன். மறுநாள் வேறு ரவிக்கை. அதே இடத்தில் அதே தடம். நான் தனியாக இருப்பவள். என் வீட்டில் அரப்பு கிடையாது. கை எட்டாத இடம் அது. கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தும் சரியாகத் தெரியவில்லை.

எட்டாம் நாளான இன்று உடம்பு சுடுகிறது. காலையில் டாக்டர் குமரகுருவிடம் போனேன். அறையில் இன்னும் இரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். எங்காவது புண் இருக்கிறதா என்று கேட்டார். அவர்களைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

இல்லை என்று தலையசைத்தேன்.

நோட்டில் எழுதிக்கொண்டார்.

இப்போது மணி மூன்று. பூட்டிய என் வீட்டின் குளியலறையில் யாரோ சொம்பில் தண்ணீர் மொள்ளுகிறார்கள்.