தரை தெரியாத கால்கள்

ராகிக் கொல்லையிலிருந்து திரும்பிய திம்மராயன் வாசற்படி ஏறியதும், அவன் மனைவி வெங்கடம்மாள் அவன் பாதத்தையே பார்த்தபடி நின்றாள்.

"ஒரு செருப்பு எங்கங்க? காலெல்லாம் ரத்தமா இருக்குது."

குனிந்து பார்த்தான். இடது காலில் செருப்பு இல்லை. குதிகாலில் ஒரு கருவேல முள் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. உத்தனப்பள்ளி ஏரிக்கரை நெடுக அதோடுதான் நடந்து வந்திருக்கிறான். அவள் முள்ளைப் பிடுங்கியபோதும், வேறு யாரோ ஒருவன் காலில் பிடுங்குவதைப் போல வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

வலி அவனுக்குப் புதிதல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம், வயிற்றுப்புண் முற்றி ரத்த வாந்தி எடுத்தவனைப் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே இரைப்பையையே வெட்டி எடுத்துவிட்டார்கள். சாப்பாட்டில் இருக்கிற ஒரு சத்து இனி இவர் உடம்பில் சேராது, உயிர் உள்ளவரை மாதம் ஒரு ஊசி போட வேண்டும், விட்டால் நரம்பு போகும், புத்தியும் போகும் என்று டாக்டர் வெங்கடம்மாளிடம் சொல்லி அனுப்பினார். ஒரு வருஷம் போட்டுக்கொண்டான். பிறகு களி செரித்தது, ஏர் பிடிக்க முடிந்தது. வலியே இல்லாதவனுக்கு ஊசி எதற்கு என்று நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகான நாலைந்து வருஷமும், அவள் ஞாபகப்படுத்திய போதெல்லாம் எரிந்து விழுந்தான்.

முள் ஏறிய பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நாக்கு தோலுரித்த மாதிரி சிவந்து, மோர் பட்டால்கூட எரிந்தது. முகம் கழுவக் கண்ணை மூடினால் தரை எங்கே என்று தெரியாமல் தொட்டியின் மேல் சாய்ந்தான். வீடு முழுக்க யாரோ பஞ்சைப் பரப்பி வைத்ததுபோல் கால் புதைந்தது. கையால் தடவினால் சாணி மெழுகிய தரைதான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது, ஓட்டிலிருந்து ஓயாமல் சொட்டும் தண்ணீரின் சத்தத்துக்குள்ளிருந்து, தானியக் குதிருக்குப் பின்னால் நனைந்த சாக்கின் வாடையோடு ஒரு குரல் எழுந்து, சந்தைப் பேச்சு மாதிரி கொஞ்சம் கன்னடமும் கொஞ்சம் தெலுங்குமாகக் கலந்து, நடுநடுவே அவன் பெயரைத் தமிழில் சொல்லத் தொடங்கியது. இந்த வீட்டில் நடமாடுகிறவள் உன் பெண்டாட்டி இல்லை என்றது.

அவளைக் கவனித்தான். அதே மூக்குத்தி. அதே இருமல். விளக்கேற்றும்போது தலை சாயும் அதே சாய்வு. அதுதான் அவனை நடுங்க வைத்தது. இவ்வளவு சரியாக ஒருத்தியால் எப்படி இருக்க முடியும்?

ஊரார் காற்று சேஷ்டை என்றார்கள். அவன் அண்ணன் எல்லப்பன் தேன்கனிக்கோட்டைக்குக் கூட்டிப்போய், ஒரு பூசாரியிடம் வேப்பிலையால் அடிக்கவைத்து, தாயத்துக் கட்டிக் கூட்டிவந்தான். அன்றிலிருந்து திம்மராயன் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் விட்டான். விலா எலும்புகள் துருத்தின. அவள் கதவோரம் சோற்றை வைத்துவிட்டு, மறைவில் அழுதாள். அந்த அழுகையும் அப்படியே அவள் அழுகைதான்.

மழை விடாத ஒரு மதியம் அவள் எல்லப்பனை மாட்டு வண்டி பூட்டச் சொல்லிவிட்டு, இவனிடம் வந்தாள்.

"ஊசி விட்டதுதாங்க இதுக்கெல்லாம் காரணம். ராயக்கோட்டைக்குப் போயி டாக்டரக் கூட்டிக்கினு வந்துடறேன். கதவ மட்டும் சாத்திக்காதீங்க."

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் தாழ்ப்பாள் போட்டான். உலக்கையையும் கதவுக்குக் குறுக்கே முட்டுக்கொடுத்தான்.

வீட்டுக்குள் பகலிலேயே இருட்டு கட்டியிருந்தது. சுவர் ஈரத்தில் வியர்த்தது. அவள் பாதி எரியவிட்டுப் போன அடுப்பு மட்டும் சமையற்கட்டில் சிவந்து கிடந்தது. உடம்பு குளிரில் உதறியது. இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், மணையை அடுப்பு வாய்க்கு எதிரில் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டினான். சூடு முகத்தில் பட்டது. சுகமாக இருந்தது.

குரல் நின்றிருந்தது. ஓட்டுத் தண்ணீர் மட்டும்.

அப்போதுதான் அந்த வாசனை.

கறி வேகும் வாசனை. வீட்டில் யாரும் கறி எடுக்கவில்லை. பல மாதமாகச் செத்துக் கிடந்த வாயில் எச்சில் ஊறியது. யார் சமைக்கிறார்கள்? திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, தொறங்க. டாக்டரு வந்திருக்காரு. ஊசி கொண்டாந்திருக்காரு."



கதவு அதிர்ந்தது. ஓர் ஆணின் குரல் ஏதோ சொன்னது. அவள் வாசனையை மோந்துவிட்டாள். அலறினாள்.

அவன் அடுப்பைப் பார்த்தான். உள்ளே ஒரு பாதம். விரல்கள் கருகிச் சுருண்டிருந்தன. கொழுப்பு சொட்டச் சொட்டத் தணல் சீறியது.

யாருடைய பாதம்?

தெரியவில்லை.

மழைக் குளிர் முதுகில் ஏறியது. பக்கத்தில் கிடந்த விறகில் ஒன்றை எடுத்து, அந்தப் பாதத்துக்கு அடியில் தள்ளிவிட்டு, குனிந்து ஊதினான்.