எட்டு மீட்டர் பொய்

முதலில் ஒரு 'விர்ர்' சத்தம்... அடுத்த நொடி ஹில்லாவின் காதோரம் காற்று கிழிந்தது. ஆரஞ்சு நிற வட்டு ஒன்று அவள் தொப்பியைத் தட்டிவிட்டு, காப்பிக் குடுவையைச் சாய்த்துவிட்டு, புல்லில் சறுக்கி நின்றது.

வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். ஹில்லா நகராட்சியின் நில அளவையாளர், அன்று வட்டெறியும் திடலை அளந்துகொண்டிருந்தாள். எறிகோட்டிலிருந்து உருட்டி வந்த அளவுச் சக்கரத்தை வட்டு கிடந்த இடம்வரை உருட்டிப் போனாள். எண்ணைப் பார்த்தாள். குறிப்பேட்டில் எழுதினாள். அதற்குப் பிறகுதான் கோபப்பட நேரம் கிடைத்தது.

திடலின் மறுமுனையிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். நெட்டையான உருவம், கலைந்த வைக்கோல் நிற முடி. கண்கள்... ஏப்ரலில் பனி உருகும்போது ஏரிக்கு ஒரு சாம்பல் கலந்த நீலம் வருமே, அந்த நிறம்.

“அடி பட்டிருச்சா? மன்னிச்சிருங்க. வெயில் கண்ணுல அடிச்சுது, நீங்க குனிஞ்சிருந்தது தெரியல.”

“தொண்ணூத்தெட்டு மீட்டர் அறுபது,” என்றாள் ஹில்லா.

“என்னது?”

“நீங்க எறிஞ்ச தூரம். என் காப்பி குறுக்க வரலேன்னா இன்னும் ஒரு மீட்டர் போயிருக்கும்.”

அவன் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். “திட்டப் போறீங்கன்னு பயந்து ஓடி வந்தேன். நீங்க மார்க் போடறீங்க.”

“திட்டும் வரும். வரிசையா வரும்.”

அவன் பெயர் ஓட்சோ. இந்த மாதம்தான் ஊருக்கு வந்திருக்கிறான். ஏரியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கார்களை ஏற்றிப் போகும் மஞ்சள் நிறப் படகுமேடையை ஓட்டுவது அவன் வேலை. மிச்ச நேரம் முழுக்க வட்டு.

பின்லாந்தின் ஏரிக்கரை ஊர்களில் அந்த ஆட்டம் தெரியாத வீடு கிடையாது. காட்டுக்குள் ஆங்காங்கே சங்கிலி தொங்கும் கூடைகள். குறைந்த எறிகளில் வட்டைக் கூடைக்குள் சேர்ப்பவர் ஜெயிப்பார். அருகில் எறிய ஒரு வட்டு, நடுத்தூரத்துக்கு ஒன்று, வெகுதூரம் எறிய ஒன்று. கத்திபோல் மெலிந்த விளிம்புள்ள அந்தத் தூர வட்டுக்குத்தான் டிரைவர் என்று பெயர்.

“ஞாயித்துக்கிழமை போட்டியில நானும் இருக்கேன்,” என்றான் ஓட்சோ. “பதினேழாவது கூடைதான் பயமா இருக்கு. ஏரியைத் தாண்டணுமாமே?”

“நூத்தஞ்சு மீட்டர் தண்ணி. நான்தான் அளந்தேன்.”

“அப்ப இந்த ஆரஞ்சு பத்தாது. வேற டிரைவர் பாக்கணும்.”

“படகு டிரைவருக்கே டிரைவர் வேணுமாக்கும்...” சொன்ன பிறகுதான், முன்பின் தெரியாதவனிடம் விளையாடுகிறோமே என்று அவளுக்கு உறைத்தது. முகம் சூடாகிவிட்டது. “என்கிட்ட ஒரு நீலம் இருக்கு. நாளைக்கு நாலு மணிக்குக் கொண்டு வரேன். ரெண்டையும் பத்துப் பத்துத் தடவை எறியுங்க. சராசரி எடுப்போம். ஒரே ஒரு எறியைப் பாத்து முடிவு பண்றவங்கள எனக்குப் பிடிக்காது.”

“சரிங்க டீச்சர்,” என்றான் அவன்.

மறுநாள் வியாழக்கிழமை. ஓட்சோ எறிந்தான், இருவரும் நடந்தார்கள். அவன் வட்டை எடுப்பான், அவள் சக்கரத்தின் எண்ணைப் படிப்பாள், இருவரும் திரும்பி நடப்பார்கள். இருபது எறி, இருபது நடை. ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் என்று அன்று இரவு உணவின்போது கணக்குப் போட்டுப் பார்த்தாள். இன்னும் பத்து எறி சேர்த்திருக்கலாம் என்றும் தோன்றியது.

முதல் ஐந்து நடைகளில் இருவரும் பேசவே இல்லை. ஆறாவதில், “கொசு இங்க ரொம்ப அதிகம்,” என்றான் அவன். எட்டாவதில் மழை வந்தது. வெயிலோடு வந்த மழை... நூல் நூலாக, வெள்ளியாக. அவன் தன் மேல்சட்டையைக் கழற்றி நீட்டினான். அவள் அதை வாங்கிக் குறிப்பேட்டின் மேல் போர்த்தினாள்.

“நான் உனக்குத்தான் குடுத்தேன்,” என்றான்.

'உனக்கு'. எப்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது? அவள் கேட்கவில்லை. “காகிதம் நனைஞ்சா எண் போயிடும். நான் நனைஞ்சா காஞ்சுருவேன்.”

ஆரஞ்சின் சராசரி தொண்ணூற்றொன்பது. நீலம் நூற்றாறு.

“தாண்டிரும்,” என்றான் ஓட்சோ.

“ஒரே ஒரு மீட்டர்ல. எதிர்க்காத்து வந்தா கஷ்டம்.”

“நீ அளந்தா சரியாத்தான் இருக்கும். ஊருல எல்லாரும் சொல்றாங்க, ஹில்லா அளந்தா அளந்ததுதான்னு.”

அந்த ஒரு வாக்கியத்தை அவள் சைக்கிளில் வீடுவரை சுமந்து போனாள்.

வெள்ளிக்கிழமை அவனோடு பின்யா வந்திருந்தாள்.

வெயிலில் பழுத்த தோள்கள், முதுகில் ஆடும் பின்னல். தாம்பெரே நகரத்துச் சங்கத்தில் முதல் ஆட்டக்காரி. சிரித்தால் எல்லாப் பல்லும் தெரிந்தது. இத்தனை பல் ஒருத்திக்கு எதற்கு என்று ஹில்லாவுக்குத் தோன்றியது.

“என்னடா ஓட்சோ, இன்னமும் முன்னங்காலைக் கோணலாத்தான் வக்கிறியா?” என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள் பின்யா. பிறகு ஹில்லாவிடம் திரும்பினாள். “ரெண்டு கோடைக்காலம் நாங்க ஒண்ணா இருந்தோம். அப்ப ஆரம்பிச்சு இதேதான் சொல்றேன், கேக்கவே மாட்டான்.”

ரெண்டு கோடைக்காலம். ஹில்லா சக்கரத்தின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். தனக்கு மொத்தமாக இரண்டே நாள். அதிலும் பாதி நேரம் கொசுவைப் பற்றிப் பேச்சு.

பின்யா பையிலிருந்து ஒரு வெள்ளை டிரைவரை எடுத்தாள். அடியில் அவள் பெயர், பக்கத்தில் ஒரு சின்ன இதயம். “இதை வச்சுக்கோ. உன் கைக்கு இதுதான் சரி. ஏரியென்ன, காட்டையே தாண்டும்.”

“ஹில்லா அளக்கட்டும். அப்புறம் பாப்போம்,” என்றான் ஓட்சோ.

முதல் எறி. வெள்ளை வட்டு எழும்பியது, மிதந்தது, விழ மனமில்லாததுபோல் போய்க்கொண்டே இருந்தது... ஹில்லா தலையைக் குனிந்துகொண்டாள். அதன் அழகைப் பார்க்க அவளால் முடியவில்லை. சக்கரத்தை உருட்டிப் போனாள். நூற்றுப் பதின்மூன்று.

திரும்பிப் பார்த்தாள். எறிகோட்டருகே பின்யா அவன் கழுத்திலிருந்த கொசுவை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கொசுவை எடுக்க இவ்வளவு நேரமா?

பேனா நூற்றைந்து என்று எழுதியது.

எழுதிய பிறகு ஹில்லா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வருட வேலையில், இரண்டு விவசாயிகள் வேலிக்காக அடித்துக்கொண்டபோதுகூட, ஒரு விரற்கடை மாற்றி எழுதியதில்லை. அடித்துவிட்டு சரியாக எழுத இன்னும் நேரம் இருந்தது. அப்போது பின்யாவின் சிரிப்பு திடல் முழுக்கக் கேட்டது. ஹில்லா பேனாவை மூடினாள்.

ஒன்றில் எட்டைக் குறைத்தாகிவிட்டது. மிச்ச ஒன்பதிலும் குறைத்தால்தானே ஒத்துப்போகும்? குறைத்தாள். பொய்யிலும் அவள் கணக்கு பிசகவில்லை. நூற்றுப் பன்னிரண்டு வரவேண்டிய சராசரி நூற்று நான்காக இறங்கியது.

“நூத்தி நாலா?” பின்யா புருவத்தைத் தூக்கினாள். “கண்ணுக்கு அதிகமாப் பட்டுச்சே.”

“கண்ணு ஏமாத்தும்,” என்றாள் ஹில்லா. தன் குரல் இத்தனை அமைதியாக வந்ததில் அவளுக்கே பயமாக இருந்தது.

ஓட்சோ குறிப்பேட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “அப்ப நீலம்தான்,” என்றான்.

சைக்கிளில் திரும்பும்போது ஜெயித்த சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவர்கள் இருவரும் இன்னும் திடலில்தான் இருக்கிறார்கள் என்ற நினைப்பு மட்டும் வழியெல்லாம் கூடவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எதிர்க்காற்று. பதினாறு கூடை முடிந்தபோது ஓட்சோ ஒரு எறி முன்னால் இருந்தான். பதினேழில் ஊரே கரையில் கூடியது. அவன் பையைத் திறந்தபோது ஹில்லா ஒரு அடி முன்னால் வைத்தாள். இப்போது சொல்லிவிடலாம். வெள்ளையை எடு என்று ஒரு வார்த்தை... ஆனால் பத்தடி தள்ளிக் கறுப்புக் கண்ணாடியோடு பின்யா நின்றுகொண்டிருந்தாள்.

ஹில்லா வாய் திறக்கவில்லை.

நீல வட்டு அழகாகத்தான் போனது. காற்றில் தயங்கியது. மறுகரை நாணலுக்கு இரண்டு மீட்டர் முன்னால், சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது.

அவன் மூன்றாவதாக வந்தான். ஜெயித்தவர் ஐம்பத்தெட்டு வயதுத் தபால்காரர். வறுத்த இறைச்சியும் கடுகுச் சாந்துமாகக் கரையில் கொண்டாட்டம். பின்யா ஓட்சோவின் காதில் ஏதோ சொன்னாள். அவன் சிரித்தான். பிறகு ஹில்லாவைத் தேடி வந்தான்.

“உன் நீலத்தைத் தொலைச்சிட்டேன். மன்னிச்சிரு. உன் அளவு சரிதான், என் கைதான் பத்தல.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். “பரவாயில்ல,” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

திங்கள், செவ்வாய், புதன். அந்த வாரம் அவளுக்கு வேலை அக்கரையில். படகுமேடையில் ஏறினால் ஏழு நிமிடம். அவள் பாலம் வழியாகக் காரில் சுற்றி நாற்பது கிலோமீட்டர் போனாள். சொன்னால் என்ன ஆகும்? பொறாமைக்காரி என்று தெரிந்துவிடும். பொய்க்காரி என்றும் தெரிந்துவிடும். இரண்டில் எது பெரிய அவமானம் என்று மூன்று நாளாக அவளால் தீர்மானிக்க முடியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பின்யா அவன் பக்கத்தில் உட்கார்ந்து அக்கரை போவதுபோல் ஒரு காட்சி வேறு.

வியாழக்கிழமை பாலத்தில் செப்பனிடும் வேலை, பாதை அடைப்பு. நல்ல மழை. படகுமேடையில் அவள் கார் மட்டும்தான்.

மேடை கரையை விட்டு நகர்ந்தது. கண்ணாடி துடைப்பான் இப்படியும் அப்படியும் ஆடியது. ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கதவைத் திறந்து, மழையில் நனைந்துகொண்டே இரும்புப் படியேறி ஓட்டுபவர் அறைக்குப் போனாள்.

ஓட்சோ திரும்பிப் பார்த்தான். “பயணிங்க மேல வரக் கூடாதுன்னு போர்டு இருக்கு.”

“படிச்சேன்.”

“மூணு நாளா உன்னக் காணோம்.”

“வெள்ளை வட்டு நூத்திப் பன்னெண்டு மீட்டர் போச்சு,” என்றாள் ஹில்லா. “நான் நூத்தி நாலுன்னு எழுதினேன்.”

அவன் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தான். மழை கூரையில் கொட்டியது.

“தப்பா அளக்கல. தெரிஞ்சேதான் எழுதினேன். பத்துத் தடவையும். நீ ஜெயிச்சிருக்க வேண்டியது, என்னாலதான் தோத்த. போட்டி நடத்துன சங்கத்துலயும் சொல்லிடறேன்.”

“ஏன்?” என்றான். கோபமா, வருத்தமா என்று அந்தக் குரலில் தெரியவில்லை.

“அதுல அவ பேரு இருந்துச்சு. இதயம் வேற போட்டிருந்தா.” ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். “அவ உன்ன 'டா'ன்னு கூப்பிட்டா. கொசு எடுத்தா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இதுக்கு முன்னாடி நான் யாரையும் பாத்து இப்படி எரிஞ்சதில்ல, ஓட்சோ. எனக்கே என்னப் பிடிக்கல.”

அவன் ஏரியைப் பார்த்தபடியே சொன்னான்.

“அந்த வட்டை வெள்ளிக்கிழமையே அவகிட்டத் திருப்பிக் குடுத்துட்டேன். நீ சைக்கிள் ஏறிப் போன உடனே.”

“என்ன?”

“நீ நூத்தி இருபதுன்னு எழுதியிருந்தாலும் அதை எறிஞ்சிருக்க மாட்டேன். முடிஞ்சு போனது, அதைப் பையில வச்சுக்கிட்டு அலைய வேணாம்னு பட்டுச்சு. ஞாயித்துக்கிழமை காதுல என்ன சொன்னா தெரியுமா? 'அந்த அளவைக்காரிக்காக ஏரியில விழுந்துட்டியேடா'ன்னா. அன்னிக்குச் சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிட்டா.”

ஹில்லா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆனாலும் பொய் சொன்னேன்ல?”

“சொன்ன. எனக்குக் கொஞ்சம் வலிக்குது, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.” அவன் திரும்பினான். “எட்டு மீட்டர் குறையுதுன்னு நான் ஏன் கவனிக்கல, தெரியுமா? நான் வட்டைப் பாக்கவே இல்ல. எறிஞ்ச உடனே உன்னத்தான் பாத்தேன். பத்துத் தடவையும் நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடந்த. நான் என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சிட்டிருந்தேன்.”

அக்கரை நெருங்கிவிட்டது. மேடை கரையை முட்டி நின்றது. அவன் தடுப்பைத் தூக்கவில்லை.

“அப்ப வா. மிச்சத்தையும் சொல்லு,” என்றான். “பொறாமைங்கறது பாதிதான். இன்னொரு பாதி இருக்குல்ல?”

அவள் முகத்தில் மழை வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“எனக்கு உன்னப் பிடிச்சிருக்கு.”

“மழைச் சத்தத்துல சரியாக் கேக்கல.”

“உனக்குக் கேட்டுச்சு.”

“கேட்டுச்சு,” என்று ஒப்புக்கொண்டான். சாம்பல் நீலக் கண்கள் முழுக்கச் சிரிப்பு. “போன புதன்கிழமை உன் காப்பியைத் தட்டிவிட்ட நேரத்துலேர்ந்து எனக்கும் அதேதான். நாலு நாளா இந்த மேடையை ஓட்டிக்கிட்டே, எப்படிச் சொல்றதுன்னு பழகிட்டிருக்கேன். நீதான் வரவே இல்ல. இன்னொரு தடவை சொல்லு, ஹில்லா.”

அவள் சொன்னாள்.